பூதத்தின் பின்னங்கால்

பிப்ரவரி 3, திங்கள்

பார்லருக்கு விடுமுறை. வாரம் முழுக்கச் சேர்ந்த துண்டுகளைத் துவைத்துக் காயப்போட்டேன். கத்தரிக்கோல்களுக்கு எண்ணெய் விட்டேன். அப்பாடா என்று உட்காரும்போது நாத்தனார் போன் செய்தாள். எங்கள் விளையாட்டுக் குழுவில் புயல் என்று கூப்பிடுகிற பையன் பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டானாம். கட்டுப் பிரிக்க ஆறு வாரமாவது ஆகுமாம்.

கம்ப்யூட்டரில் நாங்கள் சேர்ந்து ஆடுகிற விளையாட்டில் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஒரு பூதத்தைச் சாய்க்க முடியும். அதற்கு ரெய்டு என்று பெயர். (இந்தச் சொல்லைக் கேட்டாலே என் வீட்டுக்காரர் பீரோவைத் திறந்து காட்டி, "எல்லாம் பழைய புடவைதான் சார், எடுத்துட்டுப் போங்க" என்பார்.) குழுவுக்குத் தலைவி என் நாத்தனார். நான் நான்கு வருடமாக ஹீலர். எல்லோருக்கும் பின்னால் தூரமாக நின்று அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுகிறவள். புயல் இரட்டைக் கத்திக்காரன், பூதத்தின் காலடியில் ஒட்டிக்கொண்டு வெட்டுகிறவன். இப்போது கத்தியை யார் எடுப்பது என்பதுதான் அவள் கவலை.

நான் எடுக்கிறேன் என்றேன்.

"அண்ணி, அது கிட்டப் போய் நிக்கணும்" என்றாள். நான்கு வருடமாகப் பூதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு இது தெரியாதாம்.

கடைசிப் பூதம் உலைப்பூதம். ஒருமுறைகூட நாங்கள் அதைச் சாய்த்ததில்லை. மார்ச் மாதத்தோடு அதை விளையாட்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும். நாத்தனார் கறாராகச் சொல்லிவிட்டாள்: புயல் திரும்பி வந்ததும் இரண்டு பேரையும் வைத்துப் பார்ப்பேன், யார் சரியாகச் செய்கிறார்களோ அவர்களுக்குத்தான் இடம்.

"அண்ணின்னு பாக்க மாட்டேன்."

"பாக்காதே" என்றேன்.

எதற்கு இந்த வீம்பு? எழுதியே வைக்கிறேன். பார்லரில் ஊரார் தலை. வீட்டில் ஊரார் இல்லை, நம்மவர்கள்தான், ஆனாலும் யார் சாப்பிட்டார்கள், யாருக்குச் சளி என்று நான்தான் பார்க்க வேண்டும். விளையாட்டிலாவது ஓய்வா என்றால் அங்கேயும் யாருக்கு உயிர் குறைகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். போதும். ஒருமுறை நானும் முன்னால் போய் அடித்துப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பார்லரைச் சாத்திவிட்டு வந்து ஆறு மணிக்கு முதல் ரெய்டு. மானம் கப்பலேறியது.

உயிர் ஏற்றும் வேலையை இனி டாக்டர் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள், எட்டுக் கணக்குக்கு நாத்தனார் ஒரு ஆளை இரவல் வாங்கியிருக்கிறாள். டாக்டர் என்றால் நிஜ டாக்டர் இல்லை, மருந்துக் கடையில் வேலை செய்கிற பெண், அதனால் அந்தப் பேர். பூதத்தின் முன்னால் கேடயத்தோடு நின்று எல்லா அடியையும் வாங்குகிறவரைச் சுவர் என்று கூப்பிடுகிறோம். நிஜத்தில் கிரேன் ஓட்டுகிறார். இவர்கள் எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தார்கள். நான்தான் ஒவ்வொரு முறையும் முதலில் செத்தேன்.

காதில் ஹெட்போன் மாட்டினால் எனக்குத் தலைவலி வரும். ஸ்பீக்கரில்தான் வைத்துக்கொள்வேன். நாத்தனாரின் குரல் வீடு முழுக்க: "அண்ணி, வெளிய வாங்க. அண்ணி, உள்ள போங்க. அண்ணி, தீ. அண்ணி!" முடிந்து ஹாலுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் டிவி பக்கம் பார்த்தபடியே, "இன்னிக்கு அண்ணி விலை ரொம்ப மலிவு போல" என்கிறார். தங்கை மேல் அவருக்கு அத்தனை பெருமை.

பிப்ரவரி 10, திங்கள்

பயிற்சிக்கு ஒரு மரப்பொம்மை உண்டு. அதை அடித்தேன். மூன்று சின்ன வெட்டு, ஒரு பெரிய வெட்டு, ஒரு அடி பக்கவாட்டில் நகர்வது, திரும்ப முதலிலிருந்து. மரப்பொம்மை திருப்பி அடிப்பதில்லை என்பதால் நன்றாகவே வந்தது.

சமைக்கும்போதும் விரல்கள் மேடையில் தட்டிக்கொண்டே இருந்தன. குழம்பில் உப்புப் போட மறந்தாயிற்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

சுவர் எனக்குப் பேர் வைத்துவிட்டார். ரிவர்ஸ் கியர்.

அடி விழப் போகிற இடத்தில் தரையில் சிவப்பு வட்டம் தெரிந்ததும் நான் பின்னாலேயே ஓடுகிறேனாம், அதுவும் பழைய இடத்துக்கு, ஹீலர்கள் நிற்கிற மூலைக்கு. கத்திக்காரி அங்கிருந்து திரும்பி வந்து சேர்வதற்குள் பூதம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. "வண்டி நல்லா இருக்கு, முன்னாடி மட்டும் போகாது" என்றார் சுவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மைக்கை அணைத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்றைய ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடக்கிறது? வேறு யாருக்கோ உயிர் குறைகிறது. திரையின் இடது ஓரத்தில் எட்டுப் பேருடைய உயிரும் பச்சைக் கோடுகளாக இருக்கும். சுவரின் கோடு பாதியாகிறது. நான் நிற்கிறேன். கை நிற்கிறது. தீ வருகிறது. போய்ச் சேர்கிறேன்.

அடிப்பாவி. கத்தியை எடுத்துக்கொண்டு போயும் நீ அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

பார்லரில் சாயம் போடும்போது முடியை மடித்து வைக்கிற அலுமினியத் தாள் பையில் இருந்தது. ஒரு துண்டு கிழித்துத் திரையின் இடது ஓரத்தை மூடி ஒட்டினேன். இனி யாருக்கு உயிர் போனாலும் எனக்குத் தெரியாது. எழுதும்போதே கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குத்தானே டாக்டர் இருக்கிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தாள் வேலை செய்கிறது. நாலாவது ஆளாகத்தான் செத்தேன். முன்னேற்றம்தான்.

ரிவர்ஸ் கியர் மட்டும் போகவில்லை. வட்டம் தெரிந்து நகர்ந்தால் ஓட்டமாகிவிடுகிறது. வட்டம் தெரிவதற்கு முன்னாலேயே அரை அடி நகர வேண்டும். தெரிவதற்கு முன்னால் எப்படித் தெரியும்? புயலுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? கேட்டால், "அது அப்படியே வரும் அக்கா" என்கிறான். நல்ல பதில்.

பிப்ரவரி 26, புதன்

கணக்கு டீச்சர் முடி வெட்ட வந்தார். அவருக்கு வெட்டுவது என்றால் பார்லரில் எல்லோரும் என்னிடம் தள்ளிவிடுவார்கள். பேசிக்கொண்டே இருப்பார், பேசும்போது தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பார். இன்று அவருடைய சம்பந்தி வீட்டுக் கதை. நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டு நாற்காலியைச் சுற்றி வெட்டிக்கொண்டிருந்தேன்.

பாதியில்தான் கவனித்தேன். அவர் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் ஏற்கெனவே இடது பக்கம் நகர்ந்திருக்கிறேன். கத்தரிக்கோல் முடியைவிட்டு விலகியிருக்கிறது. ஒருமுறைகூட அவர் காதில் படவில்லை. எப்படி? நாலைந்து தடவை என்னையே கண்ணாடியில் பார்த்தேன். தலை திரும்புவதற்கு முன்னால் அவர் தோள் கொஞ்சம் ஏறுகிறது. நான் தலையைப் பார்ப்பதே இல்லை, தோளைத்தான் பார்க்கிறேன். இத்தனை வருடமாக அப்படித்தான் செய்கிறேன், எனக்கே தெரியாமல்.

"ஏன் சிரிக்கிற, நான் சொன்னது சரிதானே?" என்றார் டீச்சர். சம்பந்தி செய்தது ரொம்பத் தப்பு என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பதிவைப் போட்டு உலைப்பூதத்தின் தோளை மட்டும் பார்த்தேன். முன்னால் தீ கக்குவதற்கு முன் வலது தோள் ஏறுகிறது. பின்னங்காலால் உதைப்பதற்கு முன் இரண்டு தோளும் இறங்குகின்றன. தரையில் வட்டம் வருவது அதற்கப்புறம்தான்.

டீச்சர், அடுத்த முறை உங்களுக்குத் தலைக்கு எண்ணெய் மசாஜ் இலவசம்.

மார்ச் 2, ஞாயிறு

பூதத்தின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் நாற்காலியைச் சுற்றுகிற மாதிரி நின்றேன். அரை அடி, அரை அடி. அது திரும்பினால் நானும் திரும்பினேன். முதல்முறையாக மூன்றாவது கட்டம் வரை போனோம். அந்தக் கட்டத்தில் தரை முழுக்கத் தீப்பிடிக்கும், பூதத்தின் வயிற்றுக்கு அடியில் மட்டும்தான் இடம். எல்லோரும் ஓடி வர வேண்டும். நான் அங்கேதான் நின்றிருந்தேன். அவர்கள் என்னிடம் ஓடி வந்தார்கள்.

அந்த நொடியை எப்படி எழுதுவது? சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான்.

நாத்தனார் இன்னும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். கொஞ்சம் குறைந்திருக்கிறது. "இன்னிக்கு அண்ணி விலை ஏறியிருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

மார்ச் 9, ஞாயிறு

பேராசை. தோள் ஏறியதைப் பார்த்தேன். பார்த்தும், இன்னும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நகரலாம் என்று நினைத்தேன். பெரிய வெட்டு. அது விழுவதற்குள் நான் சாம்பல்.

கத்திக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு என்று நாத்தனார் சொன்னாள். கிட்டே நிற்கிறவர்களுக்குத்தான் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று தோன்றுமாம். பார்லரில் யாராவது தலையைத் திருப்பும்போது இன்னும் ஒரு வெட்டு என்று வெட்டுவேனா? மாட்டேன். காது போய்விடும். கத்தரியைத் திறந்தபடி காத்திருப்பேன். அதே மாதிரி வெட்டை விட்டுக்கொடுக்கப் பழக வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

பயிற்சி. வெட்டாமல் இருப்பதற்குப் பயிற்சி. வெட்டுவதைவிட இதுதான் கஷ்டம்.

மார்ச் 16, ஞாயிறு

புயல் வந்துவிட்டான். கட்டுப் பிரித்தாயிற்று. இன்று இரண்டு பேருக்கும் சோதனை. முதலில் அவன், பிறகு நான்.

அவன் செத்தான், ஆனால் சாவதற்குள் பூதத்தைப் பாதியாக்கிவிட்டான். அந்த அடியை நான் ஒரு நாளும் அடித்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

என் முறை. நன்றாகத்தான் போனது. தோளைப் பார்த்தேன், நகர்ந்தேன், வெட்டை விட்டுக்கொடுத்தேன். இரண்டாவது கட்டத்தில் சுவர், "போச்சு, என் உயிர் போச்சு, யாராவது பாருங்க" என்று கத்தினார். அவ்வளவுதான். என் கை மவுஸை விட்டுவிட்டு அந்தத் தாளைத் தூக்கியது. நான் தூக்கவில்லை, கைதான். சுவரின் கோடு சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதை விழுந்தது. நான் செத்தேன், பின்னாலேயே எல்லோரும்.

டாக்டர் அதற்குள் சுவருக்கு உயிர் ஏற்றியிருந்தாள். நான் பார்த்ததால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

நாத்தனார் போன் செய்தாள். நேராகவே சொன்னாள், அதற்காக அவளை மெச்ச வேண்டும். கத்தி புயலுக்கு. நான் டாக்டரோடு இரண்டாவது ஹீலராகத் திரும்பிவிடலாம். என் பழைய இடம் அப்படியே இருக்கிறது.

"மாட்டேன்" என்றேன்.

"அண்ணி, நீங்க எங்க அண்ணி. உங்கள மாத்தினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வச்சிருந்தாதான் பேசுவாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண? உன் அண்ணனைக் கட்டினது என் தப்பா?"

"அப்ப என்னதான் செய்யப் போறீங்க?"

"கத்தி இல்லன்னா வெளிய உக்காருறேன்."

வைத்துவிட்டாள். கோபமா என்று தெரியவில்லை. எனக்குக் கோபம். அவள் மேல் இல்லை, அவள் சொன்னது நியாயம்தான், அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு தாளைத் தூக்காம இருக்கத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்குடி கத்தி? அழுதேன். அழுதுகொண்டே துண்டுகளை மடித்தேன். வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் அவரும் மடித்தார். அவர் மடித்ததை எல்லாம் பிறகு பிரித்து மடிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

பழைய தாளைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். இந்த முறை நாலு பக்கமும் டேப்.

மார்ச் 20, வியாழன்

எதற்கு ஒட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் தினமும் பயிற்சி செய்கிறேன். பதிவைப் போட்டுச் சுவர் கத்துகிற இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே மரப்பொம்மையை அடிக்கிறேன். "யாராவது பாருங்க" என்பார். யாராவது பார்ப்பார்கள். நான் அடிக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

வெளியே உட்கார்ந்து கேட்டேன். ஒரு தொடர்பு மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், பேச முடியாது, கேட்கலாம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஒரு அண்ணிகூட காதுல விழல" என்றார். ஆடவில்லை என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை.

புயல் நன்றாக அடித்தான். அடித்துக்கொண்டே செத்தான். ஒவ்வொரு முறையும் டாக்டர் மற்ற வேலையை விட்டுவிட்டு அவனை எழுப்பினாள், அதற்குள் சுவர் விழுந்தார், சுவர் விழுந்தால் யாரும் மிஞ்ச முடியாது. கடைசியில் டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. எப்போதும் வாயே திறக்காத பெண்.

"அண்ணி நின்னப்போ நான் அவங்க பக்கம் திரும்பவே வேண்டியிருக்காது. ரெண்டு தடவை செத்தாங்க, மத்தபடி கடைசி மூணு வாரம் நான் அவங்களுக்கு உயிரே ஏத்தல."

நன்றி சொல்லலாம் என்றால் எனக்கு மைக் இல்லையே.

மூன்று வாரமாகவா? எனக்கு எப்படித் தெரியும், நான்தான் தாளை ஒட்டி மறைத்துவிட்டேனே.

மார்ச் 24, திங்கள்

நாத்தனார் போன். வரும் ஞாயிறுதான் கடைசி, அதற்குப் பிறகு உலைப்பூதம் கிடையாது. நான் கத்தியோடு வர முடியுமா என்று கேட்டாள். புயலுக்குக் கை மறுபடி வலிக்கிறதாம், அவனே ஒதுங்கிக்கொள்கிறேன் என்றானாம். வலி நிஜமோ சாக்கோ, நான் துருவவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். நடுவில் ஏதாவது கெட்டுப்போனாலும் என்னை மாற்றக் கூடாது.

"சரி அண்ணி" என்றாள். பிறகு, "நான் ரொம்பக் கத்துறேனா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

மார்ச் 29, சனி

வெட்டாமல் இருக்கப் பயிற்சி. தூக்கம் வரவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் காலையிலிருந்து நின்ற கால், படுத்ததும் தூங்கிவிடுவேன்.

மார்ச் 30, ஞாயிறு

நாலு தடவை தோற்றோம். ஒருமுறைகூட என்னால் இல்லை. கடைசித் தடவை ஆரம்பிக்கும்போது டாக்டருக்கு அடுத்த நாள் காலை ஷிப்ட் இருக்கிறது, இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

பின்னங்காலுக்குப் பக்கத்தில் நின்றேன். தோள், அரை அடி, மூன்று சின்ன வெட்டு. இரண்டாவது கட்டத்தில் சுவர் கத்தினார். "யாராவது பாருங்க." கை மவுஸிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் சாதாரணமாகிவிட்டது, டாக்டர் பார்த்துவிட்டாள். மூன்றாவது கட்டம், தரை முழுக்கத் தீ, எல்லோரும் வயிற்றுக்கு அடியில் என்னிடம் வந்து சேர்ந்தார்கள். மூன்று பேர் வந்து சேரவில்லை. ஐந்து பேர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தோம். பூதத்துக்கு ஒரு நூல் உயிர்தான் மிச்சம். ஒரே ஒரு பெரிய வெட்டு போதும், என் விரல் அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது, அப்போது இரண்டு தோளும் இறங்கின.

விட்டுவிட்டேன். அரை அடி நகர்ந்தேன். உதை என்னைத் தாண்டிப் போனது. அது காலை ஊன்றியபிறகு வெட்டினேன்.

விழுந்தது.

சுவர் ஏதோ பாட, டாக்டர் அழ, வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த புயலுக்கும் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, அவனும் சேர்ந்து கூச்சல். நாத்தனார் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நான் மைக்கை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் கதவை மெதுவாகத் திறந்தார். கையில் காப்பி. இந்த மனிதர் கேட்காமல் காப்பி போட்டால் எதற்கோ ஆறுதல் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். ஸ்பீக்கரில் இன்னும் கூச்சல் அடங்கவில்லை. தம்ளரை மேசையில் வைத்துவிட்டு என் தோளில் கையை வைத்தார்.

"ஜெயிச்சுட்டாங்க போல" என்றார். "பரவால்ல விடு. இன்னிக்கும் உன்னை வெளிய உக்கார வச்சுட்டாளா? சாயங்காலத்துலேர்ந்து கேட்டுட்டே இருக்கேன், ஒரு அண்ணிகூட காதுல விழலையே."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஆறு மணியிலிருந்து அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. மற்ற எல்லோரையும் பேர் சொல்லிக் கத்தினாள். என்னை ஒரு தடவைகூட இல்லை.

திரையைக் காட்டினேன். பூதம் மலை மாதிரிக் கிடந்தது, பின்னங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு கத்தியோடு ஒருத்தி நின்றிருந்தாள். அது யாரென்று பாருங்கள் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.